மீன் வண்டிக்கு ஒரு மூக்கு, கரி வண்டிக்கு ஒரு மூக்கு

கீழக்கரையில் நான் வண்டி விடும் பட்டறைக்காரரை எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்; இந்த ஊரில் அண்ணன் என்று அர்த்தம். உப்பு லோடு ஓடும் லாரி ஆயில் குடிக்கிறது, நீலமாகப் புகைக்கிறது என்று கொண்டுபோய் நிறுத்தினேன். கேபினைச் சாய்த்தார். ஏர் ஃபில்டருக்கும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றினார். உள்ளே சுட்டுவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"கரிக்குது தம்பி. வாலிநோக்கத்துல ஏத்துன உப்புல பாதிய இன்ஜின் தின்னுருக்கு."

பாதி என்பது காக்காவின் கணக்கு. ஆனால் விஷயம் நிஜம். அது ஃபில்டரைத் தாண்டிய பக்கம். அங்கே விரலில் எதுவுமே ஒட்டக் கூடாது. ஹோஸைப் பிடிக்கும் கிளாம்ப் உப்புக் காற்றில் துருப்பிடித்து இற்றுப்போய், ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளிக்கு நான் கொடுத்த விலை ரிங், லைனர், டர்போ என்று ஒரு முழு இன்ஜின் வேலை.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்தபோது, காற்று எடுக்கும் ஏற்பாட்டை அப்படியே விடுவதா, மாற்றுவதா, மாற்றினால் எப்படி என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் இரண்டு வண்டி. ஒன்று பழைய டர்போ லாரி. வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றும். உப்பு இல்லாத நாளில் சாயல்குடி, கமுதி பக்கம் போய்ச் சீமைக்கருவேலங்கரி மூட்டை ஏற்றும். இன்னொன்று பிஎஸ்6, அதாவது புதிய புகை விதிப்படி வந்த சின்ன வண்டி. பாம்பனில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக மதுரை போகும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தோ கேட்டுப் பார்த்தோ கடைசியில் எதில் நின்றேன் என்பதை எழுதுகிறேன். இந்தக் கரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். டீசல் இன்ஜின் இந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்பதில்லை. முழு லோடில் இழுக்கும்போதும் இருபது மடங்கு அளவுக்குக் காற்றை எடுத்துக்கொள்ளும். லோடு குறைந்தால் இன்னும் அதிகம். நம் ஊர் வெயிலில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஆகக்கூடி ஒரு லிட்டர் டீசலுக்குப் பதினைந்து கனமீட்டர் காற்றாவது உள்ளே போகிறது. மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்குப் பதினைந்து தொட்டி காற்று. மதுரை போய்த் திரும்ப அறுபது லிட்டர் ஆகிறது என்றால் தொள்ளாயிரம் தொட்டி. டீசலை வடிகட்டி ஊற்றுகிறோமா என்று பங்கில் கண் கொத்திப் பாம்பாக நிற்கும் நாம், இந்தத் தொள்ளாயிரம் தொட்டி எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, எங்கிருந்து எடுக்கலாம்? மூன்று இடம் உண்டு. பம்பர், சக்கர மட்கார்டு பக்கமாகத் தாழ்வாக. கேபினுக்குப் பின்னால், பாடிக்கு முன்னால் உள்ள சந்தில். அல்லது கேபின் கூரை உயரத்துக்குக் குழாயை ஏற்றி.

தாழ்வான வாயில் ஒரே ஒரு நன்மை உண்டு. குழாய் குட்டை, வளைவு குறைவு, இழுக்கத் தடை இல்லை. மற்றதெல்லாம் தொல்லை. முன்னால் போகும் வண்டியின் டயர் கிளப்பும் புழுதி முழுக்க அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தனுஷ்கோடி ரோட்டில் காற்றுக்காலத்தில் மணல் தார்மேல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே மணல் ஊசியாகக் குத்தும், முகத்தில் அவ்வளவாக இருக்காது. வண்டிக்கும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது தாழ்வான வாய் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன் பிறகு ஃபில்டரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கேபினுக்குப் பின்னால் எடுப்பது நம் பெரிய லாரிகளில் சகஜம். இதில் கவனிக்க வேண்டியது சூடு. இன்ஜின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும் காற்று அறுபது டிகிரி இருக்கிறது, வெளிக்காற்று முப்பத்தைந்து என்று வைத்தால், சூடான காற்று ஏழு, எட்டு சதவீதம் லேசாக இருக்கும். பத்து டிகிரி ஏறினால் மூன்று சதவீதம் குறையும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். டர்போ இல்லாத பழைய இன்ஜினில் அந்த ஏழெட்டு சதவீதக் காற்று அப்படியே நஷ்டம். கறுப்புப் புகையும் செத்த பிக்கப்புமாக அது வெளியே தெரியும். டர்போவும், அது அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் உள்ள வண்டி இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், ஆனால் டர்போ அதிகம் உழைக்கும். ஆகவே பின்னால் எடுத்தாலும் வாய் இன்ஜின் சூட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. சைலன்சர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

உயரக் குழாய்தான் பார்க்க அழகு. புழுதி குறைவு, தண்ணீர்ப் பயம் இல்லை, வெளிக்காற்று குளிர்ச்சி. அதன் வாயை முன்பக்கம் திருப்பி வைத்தால் ஓடுகிற வேகத்தில் காற்று தானாகவே இன்ஜினுக்குள் அழுந்தும் என்று பாகம் விற்கிறவர்கள் சொல்வார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் பதினாறு மில்லிமீட்டர் தண்ணீர் மட்டத்துக்குச் சமம். ஒரு சுண்டுவிரல் அகலம். அடைத்த ஃபில்டர் கொடுக்கும் தடையோ அறுநூறு மில்லிமீட்டரைத் தாண்டும். சுண்டுவிரல் லாபத்துக்காக மழையையும் தும்பியையும் வாய் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வாய் பக்கவாட்டில் பார்க்கட்டும், மேலே மழைத்தொப்பி இருக்கட்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கரைக்கென்று தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

மீன் வண்டி டிரைவர் அடிக்கடி ஒரு புகார் சொல்வான். "அண்ணே, பாம்பன்ல கிளம்பும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பரமக்குடி தாண்டுனா சரியாயிருது." நான் நம்பவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஃபில்டர் வீட்டின் (ஃபில்டர் உட்காரும் டப்பா) மேல், ஃபில்டர் அடைத்தால் சிவப்பு காட்டும் தடை இன்டிகேட்டரைப் பார்த்தால் விடியற்காலையில் சிவப்பு. இன்டிகேட்டரை அமுக்கிவிட்டு உச்சிவெயிலில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் பச்சையிலேயே நின்றது. அழுக்கு காலையில் வந்து மதியம் போகுமா?

போகும், அழுக்கு உப்பாக இருந்தால். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம், அதில் பாதிக்கும் குறைவே போதும். அலை உடைந்து எழும் சாரல் காற்றில் கலந்து, ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளில் உப்பாகப் படிகிறது. இரவில் அது ஈரம் குடித்துக் காகிதத்தின் துளைகளைப் பசை போட்ட மாதிரி அடைக்கிறது. கரையை விட்டு விலகி, வெயிலும் ஏறினால் காய்ந்து திறக்கிறது. அதைவிட மோசம், கரைந்த உப்புநீர் காகிதத்துக்குள் ஊறி மறுபக்கத்தையும் எட்டிவிடும். காய்ந்ததும் அங்கே பொடியாகும். அந்தப் பொடி போகும் வழியில் அதைத் தடுக்க இனி ஒன்றுமில்லை, நேரே டர்போ.

பாம்பனில் இருப்பவர்கள் பாலத்துக்கு வடக்கே இருக்கும் கடலைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கினால் ஆண்கடல் சாரல் பாலத்தின் மேலேயே வந்து விழும். 1988-இல் திறந்த அந்த ரோட்டுப் பாலத்தில் காற்றுக்காலத்தில் ஒரு தடவை போய்வந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். கண்ணாடியைத் துடைக்கிறோம். ஃபில்டரைத் துடைக்க முடியாது.

இங்கேதான் ஃபில்டர் வகை பற்றிய பேச்சு வருகிறது. பழைய லாரி, டிராக்டர்களில் இருந்த, தூசியை எண்ணெயில் பிடிக்கும் ஆயில் பாத் ஃபில்டரை இன்னும் சிலர் புகழ்வார்கள். "எலிமென்ட் செலவு இல்ல, ஆயிலை மாத்துனா முடிஞ்சுது" என்பார்கள். உப்பு ஈரத்தால் அது அடைக்காது என்பது உண்மை. ஆனால் அது பிடிக்கும் தூசி 95 முதல் 98 சதவீதம். நல்ல காகித எலிமென்ட், அதாவது ஃபில்டர் வீட்டுக்குள் மாற்றிப் போடும் காகித உருளை, 99.9-ஐ ஒட்டிப் பிடிக்கும். கேட்க ஏதோ இரண்டு சதவீத வித்தியாசம் மாதிரி இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். தப்பி உள்ளே போவது நூற்றுக்கு இரண்டு எதிரே ஆயிரத்துக்கு ஒன்று. இருபது மடங்கு. அதுவும் தப்பிப்போவது பொடிப்பொடியான தூசிதான். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உள்ள ஆயில் படலத்தில் புகுந்து தேய்ப்பதும் அதே பொடிதான். பழைய வண்டியில் இருந்தால் இருக்கட்டும், புதிதாக அதற்கு மாறுவது புத்திசாலித்தனம் இல்லை.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைப் பற்றி நான்கு வரி போதும். கழுவிக் கழுவிப் போடலாம், காற்று தாராளமாக வரும், மைலேஜ் கூடும் என்பார்கள். டீசல் இன்ஜினில் ஃபில்டர் கெட்டியாக அடைக்கும் வரை மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியாது. தாராளமாக வரும் காற்றோடு தூசியும் தாராளமாக வரும். அந்த எண்ணெய் காற்றோடு பறந்து, பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் இருக்கும் காற்று அளக்கும் சென்சாரில் படிந்து அதைக் குருடாக்கும். மீன் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

சுழல் கிளீனர் என்ற சாமான் வேறு. டிராக்டர் தலையில் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்குமே, அது. உள்ளே வரும் காற்றைச் சுழற்றி, கனமான தூசியை ஓரத்தில் ஒதுக்கிக் கிண்ணத்தில் விழ வைக்கும். கரி லோடுக்கு இது வரம். கரி மூட்டம் பிரிக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்; மூட்டை ஏற்றி முடிப்பதற்குள் ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே நிறம். லாரியில் மாட்டிய முதல் வாரமே கிண்ணத்தில் பாதிக்குக் கறுப்புப் பொடி சேர்ந்தது. அவ்வளவும் முன்பு ஃபில்டர் மடிப்பில் போய் உட்கார்ந்தது. ஆனால் கடல் சாரலில் வரும் உப்புத்துகள் நுண்ணியது, சுழற்சியில் ஒதுங்காது, காற்றோடு சேர்ந்தே போய்விடும். மீன் வண்டிக்கு இதை மாட்டினால் அழகுக்கு மாட்டியதாகத்தான் இருக்கும்.

கரி வண்டி பற்றி இன்னொன்று. வண்டி ஓடும்போது கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்தில் காற்று சுழலும். மூட்டையிலிருந்து கிளம்பும் கரிப்பொடி அந்தச் சுழலிலேயே நின்று சுற்றும். பின்னால் எடுக்கும் வாய் சரியாக அங்கேதான் இருக்கிறது! நம் சரக்கை நாமே சுவாசிக்கிறோம். உப்பு மூட்டைக்கும் இதே கதை. அதனால் கரி, உப்பு ஏற்றும் வண்டிக்குக் கூரைக்கு மேலே தலையை நீட்டும் குழாய் வெறும் பகட்டில்லை. அதோடு, ஏற்றும்போது இன்ஜினை அணைத்துவிட வேண்டும். லோடு ஏறும் ஒரு மணி நேரமும் டிரைவர் பாட்டுக் கேட்க இன்ஜினை ஓட விட்டிருந்தது எனக்குத் தெரிந்தது, அந்த இன்ஜின் பிரிந்து கிடந்தபோதுதான்.

உயரக் குழாய் என்று முடிவு செய்ததும் ஓர் அவசரத் தப்பு செய்தேன். காக்கா ஊரில் இல்லாத வாரம், வழியில் இருந்த வேறொரு பட்டறையில் கொடுத்தேன். போர் போடும் கடையில் வாங்கிய நாலு அங்குல பிவிசி குழாய், மூன்று எல்போ, பசை. அரை நாளில் வேலை முடிந்தது. பழைய குழாய் ஐந்து அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று நினைத்தேன். ஒரே அளவு காற்று போகும்போது, குழாய் சிறுத்தால் தடை விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏறும். ஐந்தை நாலாக்கினால் அதே நீளத்துக்கு மூன்று மடங்கு தடை. எல்போக்கள் தனிக் கணக்கு.

காக்கா திரும்பி வந்து இதைப் பார்த்ததும் திட்டவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்று எடுத்துவரச் சொன்னார். டியூபின் ஒரு முனையை ஃபில்டருக்கு அப்பால் இன்டிகேட்டர் இருக்கும் துளையில் மாட்டி, கேபினுக்குள் யு மாதிரி தொங்கவிட்டு, பாதிக்குத் தண்ணீர் ஊற்றினார். இன்ஜின் இழுக்க இழுக்க ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தடை. பல டர்போ இன்ஜின்களில் 25 அங்குலம் வந்தால் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். மூன்று சாணுக்குச் சற்றுக் குறைவு. டர்போ வண்டியை நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்தால் சரியான அளவு வராது, லோடோடு ஏற்றத்தில் இழுக்க வேண்டும். நம் பக்கம் ஏற்றத்துக்கு எங்கே போவது? பாம்பன் பாலம்தான். உப்பு லோடோடு பாலம் ஏறினோம். லாரி கிளீனர் பையன் டியூபைப் பிடித்துக்கொண்டு சாண் வைத்து அளந்துகொண்டே வந்தான். நாலு அங்குலக் குழாயோடு இரண்டரைச் சாண். குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினால் ஒன்றரைச் சாண். ஃபில்டர் அதே ஃபில்டர்தான், மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் குழாயோடு ஓட்டியிருந்தால் பாதி ஆயுளில் சிவப்பு காட்டியிருக்கும். போதாததற்கு, இன்ஜின் பக்கம் இருந்த எல்போ சூட்டில் இளகி, ஒட்டிய இடம் வாய் பிளந்திருந்தது.

அப்புறம் பழைய லாரிகளைப் பிரிக்கும் இடத்தில் அதே இன்ஜினுக்கு வந்த உயரக் குழாயைத் தேடி வாங்கினோம். ஐந்து அங்குலம், ஒரே ஒரு அகன்ற வளைவு. கிளாம்ப் மட்டும் துருப்பிடிக்காத எஃகில், ஹோஸுக்கு இரண்டு வீதம். இந்தக் கரையில் அந்தக் கிளாம்ப் செலவுக்கு யோசிக்கவே கூடாது.

மீன் வண்டியில் நான் குழாயைத் தொடவில்லை. பிஎஸ்6 வண்டியில் காற்று எடுக்கும் பாதையைக் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாற்றினால் சென்சாரும் புகை வடிகட்டியும் முரண்டு பிடிக்கும், வாரண்டியும் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் கம்பெனி அளவுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும் எந்த வண்டிக்கும் இதை மனதில் வைக்க வேண்டும். லாரிக்குக்கூட அதே மாடலுக்கு வந்த குழாயைத்தான் தேடினோம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். மீன் வண்டிக்குச் செய்தது இவ்வளவுதான்: காற்றுக்காலம் முழுக்க இரண்டு எலிமென்ட் வைத்து, கரையில் ஓடும் நாளில் ஒன்று, அது காயும்போது இன்னொன்று. கம்பெனி எலிமென்ட் மட்டும். மடிப்பு எண்ணிக்கை குறைந்த, ஓர ரப்பர் கட்டையாக இருக்கும் மலிவுச் சரக்கு வேண்டாம். காற்றுக்காலம் முடிந்ததும் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவேன். உப்பேறிய காகிதத்தை அடுத்த ஆடிக்கு வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஃபில்டர் வீட்டின் அடியில் தண்ணீர் வடியும் ரப்பர் மூக்கு ஒட்டிக்கொள்கிறதா என்று வாரம் ஒரு தடவை விரலால் அமுக்கிப் பார்ப்போம்.

ஏர் அடிப்பது பற்றிக் கேட்பார்கள். புது எலிமென்டைவிடக் கொஞ்சம் ஓடிய எலிமென்ட் நன்றாக வடிகட்டும், மேலே படிந்த தூசியே ஒரு சல்லடையாக வேலை செய்வதால். அதைத் தினம் கழற்றி, பஞ்சர் கடை கம்ப்ரசரில் முழு வேகத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ஓரத்தில் தூசி சிந்தும். அடித்தே ஆக வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, முப்பது பவுண்டு அழுத்தத்துக்குள். உள்ளே இருக்கும் சின்னப் பாதுகாப்பு எலிமென்டை அடிக்கவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். உப்பு ஏறிய எலிமென்டுக்கு ஏர் அடித்து ஒரு பயனும் இல்லை, அது காகிதத்துக்குள் ஊறியிருக்கிறது.

இதையெல்லாம் லாரி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார். இருபத்தைந்து வருஷமாக ஃபில்டரை டயரில் நாலு தட்டு தட்டி மாட்டிய கை அது. அதனால் ஃபில்டர் வீட்டு மூடியின் நட்டுகளில் பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு நகர்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். போன மாதம் ஒரு கோடு நகர்ந்திருந்தது. கேட்டதற்கு, "ரோட்டு அதிர்வுல சுத்தியிருக்கும் முதலாளி" என்றார்.